நடந்தால் பரிசு

கேள்வி: தினமும் 10,000 ஸ்டெப் நடந்தால் பரிசு என்கிறது எங்கள் ஆபீஸ். இந்தக் கணக்கு எந்த டாக்டர் சொன்னது?

பதில்: டாக்டர் இல்லை, வியாபாரி! டோக்கியோ ஒலிம்பிக் சூடு ஆறாத 1965-ல், இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்க ஜப்பானின் யமாசா நிறுவனம் பிடித்த எண் அது. வயதான பெண்களைக் கவனித்த ஹார்வர்டு ஆய்வாளர்களோ, 4,400 ஸ்டெப்பிலேயே இறப்பு அபாயம் குறைகிறது, 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2019-ல் எழுதினார்கள்.

பரிசு தருவது உங்கள் ஆபீஸ் மட்டுமல்ல: சிங்கப்பூர் அரசு 2015-ல் தொடங்கிய நடைப் போட்டியில் கருவியே இலவசம்; நடந்தவர்களுக்கு வவுச்சர் வேறு.

பரிசு வந்தால் தில்லுமுல்லும் வரும். சீனாவில் போனைத் தொட்டில் போல ஆட்டும் குட்டி மெஷினே விற்கிறார்கள். எண் அது பாட்டுக்கு ஏறும். ஆசாமி நாற்காலியில் டீ குடிப்பார்.

பரிசு கிடக்கட்டும், நடப்பதற்காக மதிய இடைவேளையைக் கால் மணி நேரம் நீட்டச் சொல்லி மேனேஜரைக் கேட்டுப் பாருங்களேன்!