நமக்குள்ள என்னங்க?

கூரியர் பையன் பெல் அடித்தால் நண்பர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடி வருவார். நான் அடித்தால், "கதவு திறந்துதான் இருக்கு" என்று குரல் மட்டும் வரும். நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கணுமாம்.

நினைத்துக்கொண்டேன். அதனால் காபியை நான்தான் போட வேண்டும். "டிகாக்‌ஷன் ஃபில்டர்ல இருக்கும் பாருங்க." இருக்காது. பொடி போட்டு, வெந்நீர் விட்டு, அது சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை அடுப்படியில் நிற்பேன். "எனக்குச் சர்க்கரை கம்மி!" என்று ஹாலிலிருந்து சத்தம் வரும். ஒருநாள் பால் பொங்கப் போகிற நேரம் பார்த்து சிலிண்டர் தீர்ந்தது. கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பு தனிக் கனம். பால்கனியிலிருந்து உருட்டி வந்து, வாஷர் பார்த்து, ரெகுலேட்டர் மாட்டி நிமிர்ந்தேன். "இதுக்கெல்லாம் வெளியாளைக் கூப்பிட முடியுமா, நமக்குள்ள என்னங்க?" என்றார், பேப்பரைத் திருப்பியபடி.

அன்றைக்கென்று ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். முன்பின் தெரியாதவர். ஷோகேஸிலிருந்து பீங்கான் தட்டு இறங்கியது. நெய்யில் வறுத்த முந்திரி. அந்த வீட்டில் முந்திரி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். காபி? என் கையால் போட்டதுதான், வெள்ளி டம்ளரில். எனக்கு யாரோ கல்யாணத்துக்குப் பெயர் வெட்டிக் கொடுத்த, விளிம்பு ஒடுங்கிய எவர்சில்வர்.

வள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்தில் வைத்தார். பழகியவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பழைமையை 81ஆம் அதிகாரத்தில் வைத்தார். இவர் முதலாவதை ஏஜென்டுக்கும் இரண்டாவதை எனக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். நெருங்கியவனுக்கும் பசிக்கும் சார். அவனுக்கும் நாலு முந்திரி வைத்தால் நட்பு முறிந்துவிடாது.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். நேரே அடுப்படிக்குப் போய், உள்ளங்கையில் ரசத்தை விட்டு உறிஞ்சி, "உப்பு ஒரு கல்லு குறையுதே" என்பார். குறைந்துதான் இருக்கும். அவர் வராத வாரம் ரசம் அப்படியே மிஞ்சும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசல்வரை வந்து, "வாங்க வாங்க" என்றார். ஃபேனைப் போட்டார். பீங்கான் தட்டு, முந்திரி, வெள்ளி டம்ளர். "எடுத்துக்குங்க, கூச்சப்படாதீங்க."

தொண்டையில் இறங்கவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் பெண் கல்யாணத்துக்கு 501 மொய் எழுதியிருந்தேன். 1001 எழுதியிருக்கணுமோ?