எட்டு ஸ்டேஷன் வைத்தியம்

ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் நடுவில் ஒரு நல்ல ஜோக் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கால்மேல் கால் போட்டுக்கொண்டுதான் சிரிப்பார்கள். தும்மலுக்கும் இருமலுக்கும் இதே முன்னேற்பாடு. சொட்டு மூத்திரம் கசிந்துவிடுமோ என்ற பயம்தான். இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்துவிட்டன. அவற்றை இறுக்கி இறுக்கி விட்டால் பலம் வரும். எத்தனை தடவை என்பதில்தான் வம்பு.

1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்க டாக்டர் அர்னால்ட் கெகல் தாராளப் பிரபு. மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிஷம், ஆகமொத்தம் நாளுக்கு 300 என்றார். குக்கரும் துணி உலர்த்தலும் தன் தலையில் விழாத ஆளுக்குத்தான் இப்படிக் கணக்கு வரும். பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் மருத்துவ வழிகாட்டி கொஞ்சம் இரக்கப்பட்டு, தடவைக்குக் குறைந்தது 8, தினம் 3 தடவை, விடாமல் 3 மாதம் என்கிறது.

எட்டு! என்னைப் போன்ற மும்பை மாட்டுங்காக்காரிக்கென்றே யாரோ போட்ட எண். சிஎஸ்எம்டியில் ஸ்லோ லோக்கல் ஏறினால் மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா, சிஞ்ச்போக்லி, கரி ரோடு, பரேல், தாதர், மாட்டுங்கா. வண்டி நின்றதும் இறுக்கு, பத்துவரை எண்ணு, கிளம்பியதும் விடு. காலையில் போகும்போது எட்டு, சாயங்காலம் திரும்பும்போது எட்டு. மூன்றாவது எட்டை ராத்திரி சீரியல் விளம்பரத்தில் முடித்துவிடலாம்.

லேடீஸ் கம்பார்ட்மென்டில் நாலாவது சீட் என்பது அரை இடுப்புக்கு மட்டுமே இடம் தரும் சலுகை. மீதி அரை அந்தரத்தில் தொங்க, வயிற்றையும் பிருஷ்டத்தையும் இறுக்காமல், மூச்சையும் பிடிக்காமல், உள்ளே மட்டும் இறுக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருப்பவளும் இதே வேலையில்தான் இருக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

செம்பூர் சிநேகிதிக்கு ஹார்பர் லைனில் 12 ஸ்டேஷன். அதில் ஏகப் பெருமை. போதாததற்குக் காய்கறிக் கடையிலும் லிஃப்ட்டிலும் இறுக்கிக்கொண்டே இருந்தாள். தசைக்கும் ஓய்வு வேண்டும், மிஞ்சினால் வலிதான் மிஞ்சும் என்று அவளுடைய பிசியோதெரபிஸ்ட் அதட்டியபிறகுதான் அடங்கினாள்.

எனக்கு ப்ளவுஸ் தைக்கும் தாராவி அக்காவிடம் இதைச் சொன்னேன். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "கக்கூஸ் வரிசையில நாங்க அடக்காததாம்மா? எங்களுக்கு மெடல்லா குடுக்கணும்!"

மெடல் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அடக்குவது வேறு, இது வேறு. ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் கூடாது. மணிக்கணக்காக அடக்கினால் தசை பலப்படாது, சிறுநீர்த்தொற்று வேண்டுமானால் வரலாம். ஆண்களுக்கு இலவசம், பெண்களுக்குக் காசு என்றிருந்த பொதுக் கழிப்பறைகளைக் கேள்வி கேட்டு 2011இல் மும்பைப் பெண்கள் இயக்கமே தொடங்கினார்கள். அதையும் இந்த வைத்தியத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதையெல்லாம் கேட்ட ஆபீஸ் தோழி கல்யாண் ஃபாஸ்ட்டில் போகிறவள். விரல்விட்டு எண்ணினாள். பைகுல்லா, தாதர், குர்லா, காட்கோபர், தாணே, டோம்பிவ்லி, கல்யாண்.

"ஏழுதானே வருது, மாமி?"

"கல்யாணுக்கு முன்னால சிக்னல்ல நிக்காத நாள் உண்டாடி? அதையும் சேர்த்துக்கோ."