சோளக்காட்டில் ஓர் ஆங்கில வினை

கேள்வி: ‘அன்டுலேட்’ என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் என்ன சொல்? அன்றாடப் பேச்சில் அது வருமா? (வாசகர், பல்லடம்)

பதில்: ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது. லத்தீனில் அலையைக் குறிக்கும் ‘உண்டா’தான் அதன் வேர். தமிழோ அசையும் பொருளைப் பார்த்துத்தான் வினையைத் தேர்ந்தெடுக்கும். பாம்பு நெளியும், கொடி துவளும், குடத்து நீர் தளும்பும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வந்து பல்லடம் வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சித்திரைப் பட்டத்துச் சோளக்காடு அந்தக் காற்றில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சாய்ந்து நிமிர்வதை ‘அலையடிக்குது’ என்றால் போதும். ‘அன்டுலேட்’ முழுதாக வந்துவிடும். இதைவிட அழகான மொழிபெயர்ப்பு அகராதியில் கிடைக்காது.

ஆங்கிலேயர்கூட வீட்டுப் பேச்சில் ‘வேவ்’, ‘ஸ்வே’, ‘ரிப்பிள்’ என்றே முடித்துக்கொள்வார்கள். ‘அன்டுலேட்’ பெரும்பாலும் எழுத்தில்தான் வரும். அசையாத நிலத்துக்கும் அது பொருந்தும். நாம் ‘மேடும் பள்ளமுமா இருக்கு’ என்போம்.

அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்குபாலம் 1940 ஜூலையில் திறக்கப்பட்டது முதலே காற்றடித்தால் அலையலையாக ஏறி இறங்கியது. அந்த அசைவுக்கு இந்த வினை கச்சிதம். நவம்பர் 7 அன்று பாலம் முறுக்கிக்கொண்டு ஆடி, உடைந்து விழுந்தது. அந்த ஆட்டத்துக்கு ‘ட்விஸ்ட்’ என்ற வேறு வினை வேண்டும்.