எல்.இ.டி. மாமா

சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் இரவில் ஏதாவது ஒரு லாரிக்குப் பின்னாலேயே போகலாம், அலுக்காது. பாடி கட்டுகிற சீமை இது. வெளியூரிலிருந்து வெறும் சேஸிஸாக, மேலே கூரைகூட இல்லாமல், டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருகிற வண்டி நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பட்டறைக்குள் நுழையும். வெளியே வரும்போது கலர் கலராய் விளக்கும் ரேடியம் ஸ்டிக்கரும் பூண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் வரும். இதையெல்லாம் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்த ஒருவர், ஒருநாள் தன் பழைய ஸ்பிளெண்டரின் பின்புறத்தைத் திரும்பிப் பார்த்தால் என்ன ஆவார்?

எல்.இ.டி. மாமா ஆவார். ஊருக்கு ஒருவராவது ஆகியிருக்கிறார். புதன்சந்தையில் உண்டு, ராசிபுரத்தில் உண்டு. பரமத்தி வேலூரில் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இராது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்புகிற பையன்களோடு இவரைச் சேர்க்கக் கூடாது. அது வேறு வியாதி. இவர் சத்தம் போடாதவர். மெல்லப் போய், மெல்ல நின்று, யாராவது பின்னால் வந்து பார்க்கட்டும் என்று பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே நிற்பவர்.

நான் பார்த்தவர்களில் அசல் மாதிரி ஒருவர் கோழிப்பண்ணை சூப்பர்வைசர். அவருக்கு இந்தப் பித்து கோழியிடமிருந்து வந்தது. முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சூரியன் கொடுப்பது போக மீதி நாலு மணி நேரத்தை, விடியுமுன்னும் இருட்டிய பின்னும், பண்ணைக்காரர்தான் கொடுக்கவேண்டும். கொட்டாய் முழுக்கக் குண்டு பல்பைக் கழற்றி எல்.இ.டி. மாட்டிய மாதம் கரண்ட் பில்லைப் பார்த்த முதலாளி, இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்னும் உள்ளே இறங்கவில்லை.

"ஏனுங் மாப்ள, உங்க வண்டி இண்டிகேட்டர்ல ஒரு பல்பு எத்தன வாட்டுங்க?"

இந்தக் கேள்விக்கு டீக்கடையில் யாரும் பதில் சொல்லக் கூடாது. தெரியாது என்றால் அரை மணி நேரம். தெரியும் என்றால் ஒரு மணி நேரம்.

"பத்து வாட்டுங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ஆக இருவது. எல்.இ.டி. போட்டா ரெண்டும் சேந்தே ரெண்டு வாட்டுதான். பதினெட்டு வாட்டு மிச்சமுங்க!"

கணக்கு சரிதான். அந்தப் பதினெட்டு வாட் எவ்வளவு நேரத்துக்கு மிச்சமாகிறது என்றுதான் கேட்கக் கூடாது. கோழிக்கு நாலு மணி நேரம். மாமாவின் வீட்டிலிருந்து பண்ணைக்கு மூன்று திருப்பம். அதில் இரண்டில் எதிரே வருவது எருமை. ஒரு வருஷம் முழுக்க இவர் இண்டிகேட்டரில் மிச்சம் பிடித்த கரண்டை, பண்ணையில் ஒரு குண்டு பல்பை ஒரே ராத்திரி மறந்து எரியவிட்டால் செலவழித்துவிடலாம்.

சரி, மாட்டினார். சாவியைப் போட்டு வலப்பக்கம் தட்டினார். இண்டிகேட்டர் மூச்சிரைக்க ஆரம்பித்தது. சட்டப்படி நிமிடத்துக்கு 60க்குக் குறையாமல் 120க்கு மிகாமல் சிமிட்டவேண்டிய விளக்கு, எண்ணவே முடியாத வேகத்தில் படபடத்தது. இதில் வண்டியின் மேல் குற்றமில்லை. உள்ளே இருக்கும் பிளாஷர் பல்பைப் பார்ப்பதில்லை, கரண்டைப் பார்க்கிறது. கரண்ட் குறைந்தால் ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம்; ஓட்டுகிறவனுக்குத் தெரியட்டும் என்று வேகமாகச் சிமிட்டும். ஒழுங்காக வேலை செய்கிற பிளாஷர் அது. மாமா சொன்னார்: "நான் சிக்கனம் பண்ணுனா, இது எழவு விழுந்துருச்சுன்னு அழுவுதுங்க."

ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் வழி சொன்னார்: பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்துவிடலாம். சுமார் 10 ஓம். அது சும்மா நின்று கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும்; பிளாஷரும் பழைய பல்பே இருப்பதாக நம்பிவிடும். வைத்தார். சிமிட்டல் நிதானத்துக்கு வந்தது. மிச்சம் பிடித்த வாட்டெல்லாம் சைடு பேனலுக்கு அடியில் வெறும் சூடாக வெளியேறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்த அன்றுதான் மாமாவுக்கு அந்தக் கணக்கு பிடிபட்டது. ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

பிறகு சேலம் போய் எல்.இ.டி.க்கென்றே இருக்கிற பிளாஷரை வாங்கிவந்தார். இது கரண்டைப் பார்க்காது, தன் கணக்குக்குச் சிமிட்டும். மாட்டி, இடப்பக்கம் தட்டினார். நாலு பக்கமும் சேர்ந்து சிமிட்டியது. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு குட்டி பல்பு இருக்கும் பழைய வண்டிகளில் இது நடக்கும். இடப்பக்கம் வருகிற கரண்ட் அந்தக் குட்டி பல்பு வழியாக வலப்பக்கத்துக்கும் கசியும். பத்து வாட் பல்புக்கு அந்தக் கசிவு உறைக்காது; எல்.இ.டி.க்கு அதுவே விருந்து. இரண்டு டயோடு வாங்கி மீட்டர் ஒயரில் போட்டால் தீரும். டயோடு இரண்டும் சேர்ந்து பத்து ரூபாய்கூட வராது. மீட்டரைக் கழற்றி மாட்டியதில் கேபிள் அறுந்தது தனிச் செலவு.

நடுவில் கொஞ்ச காலம் நீல இண்டிகேட்டர் போட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா என்ற மூன்று பேருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அது வராமல் இன்றைய வெள்ளை எல்.இ.டி.யே இல்லை. ஆனாலும் இண்டிகேட்டர் மஞ்சளாகத்தான் எரியவேண்டும் என்பது விதி. அந்த விதியைப் போலீஸுக்கு முன்னால் மச்சினன் எடுத்துச் சொன்னதால் நீலம் இறங்கியது. மச்சினனோடு இன்னும் பேச்சில்லை.

அடுத்தது பின்விளக்கு. இங்கே மாமா சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி. போட்டார். கேட்டால் நிறத்துக்கு நிறம் சேர்ந்தால்தான் வெளிச்சம் வீணாகாது என்பார், அதுவும் உண்மை. ஆனால் அந்த விளக்குக்குக் கீழே, நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் விழ, ஒரு வெள்ளைக் கண்ணாடித் துண்டு உண்டு. இப்போது அது வழியாகவும் சிவப்பு இறங்கி, டி.என். 28ல் ஆரம்பிக்கும் நம்பர் முழுதும் ரத்தம் சொட்டுவதுபோல் நின்றது. முதலில் பார்த்தவர் அத்தைதான்.

"ஏனுங்க, வண்டிய எதுமேலயாச்சும் ஏத்திட்டீங்களா?"

மாமா விளக்கம் சொன்னார். அத்தை முழுதும் கேட்டுவிட்டு, சோளத்தட்டுக் கட்டை எடுத்து வண்டியின் பின்னால் ஏற்றச் சொன்னார். கட்டு இரண்டு பக்கமும் தொங்கி இண்டிகேட்டர், பிரேக் லைட், நம்பர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. "இப்ப சரியாப் போச்சுங்க" என்றார்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரேக் லைட் விஷயத்தில் மாமா செய்தது நல்ல காரியம். பழைய பல்பின் இழை சூடேறிப் பிரகாசமாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும், எல்.இ.டி. அந்தக் கணமே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் போகிறது. ஆக, பின்னால் வருகிறவருக்கு மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. 44ஆம் எண் நெடுஞ்சாலையில், கேஸ் டேங்கர் ஒன்று முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது, மூன்று மீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். அக்கறையில்லாமல் கேட்டுக்கொண்டார். அதில் எத்தனை வாட் மிச்சம் என்பது வரவில்லை.

போன ஐப்பசியில் அக்கா மகனுக்குப் புது வண்டி எடுக்கப் போனோம். மாமாவைத் துணைக்குக் கூட்டிப்போனது பையனின் தவறு. ஷோரூமில் சேல்ஸ் பெண் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: ஹெட்லைட் எல்.இ.டி., பேக் லைட் எல்.இ.டி., மீட்டர் டிஜிட்டல். மாமாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இத்தனை வருஷம் ஒயர் ஒயராகப் பிரித்து, கையைச் சுட்டுக்கொண்டு சேர்த்த ஞானத்தைக் கம்பெனிக்காரன் ஃபேக்டரியிலேயே மாட்டி, விலையோடு விலையாக விற்கிறான்.

"எல்லாம் அவுங்களே போட்டுட்டா, வாங்கறவன் எதுக்குங்க?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

பணம் கட்டப் பையன் உள்ளே போனான். மாமா வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். பின்னால் குனிந்தார். இண்டிகேட்டர் கண்ணாடிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது பத்து வயது குறைந்திருந்தது.

"பாப்பா, இண்டிகேட்டர் மட்டும் பல்புதானுங்களா?"

"ஆமாங்க சார். இந்த மாடல்ல அது மட்டும் பல்பு."

"பத்து வாட்டா?"

அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஆமாங்க என்றார். மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சீட்டைத் தட்டினார்.

"இதக் கழட்டுனா பிளாஷர் எந்தப் பக்கங்க இருக்கும்?"