சீட் எனப்படுவது யாதெனின்

பாயிரம்

ஏற்காடு போய்வந்தவர்கள் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜிக்குத் தாவிவிடுகிறார்கள். அறிஞர் உலகமும் இம்மூன்றையும் ‘கண்டு களிக்க வேண்டிய இடங்கள்’ என்ற தலைப்பில் போட்டுப் பூட்டிவிட்டது. இவை மொழியியல் துறைக்குச் சொந்தமானவை என்று நிறுவி, உரியவர்களிடம் ஒப்படைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள்

ஆங்கிலேயருக்கு சீட் என்பது உட்காரும் இடம். தமிழருக்கு அது பிடிக்கும் பொருள். வினைச்சொற்களே சான்று: சீட் பிடிப்போம், போடுவோம், கேட்போம், வாங்குவோம், ஒதுக்குவோம், விட்டுக்கொடுப்போம். “சீட் கிடைச்சுதா?” என்று கேட்காத நாளில்லை. கிடைத்த பிறகு உட்கார்ந்தாரா என்று எவரும் விசாரித்ததில்லை.

களஆய்வு: மலைமேல்

வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருவர் மாலை வேளையில் இங்கே அமர்ந்து சூரியன் சாய்வதைப் பார்ப்பார். அதனால் லேடீஸ் சீட் என்று பெயர் வந்தது என்பது வழிவழிக் கதை. இன்று அங்கே போனால் லேடீஸ் உண்டு, ஜென்ட்ஸும் உண்டு, உட்கார்ந்திருப்பவர்தான் அரிது. கம்பித் தடுப்பை ஒட்டி எல்லாரும் நிற்கிறார்கள். கீழே மலைப்பாதை நெளிவதையும், பனி விலகினால் சேலம் நகரத்தையும், தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்து மேட்டூர் அணையையும் பார்க்கிறார்கள். பிறகு அவற்றுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பாறையைப் பங்கு வைத்தவர்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார ஒரு சீட் வைக்கவில்லை. இது மறதியா, அனுபவமா என்பது தனி ஆய்வுக்குரியது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னும் நம் பக்கமே சாட்சி சொல்கிறார். அவர் சீட்டில் உட்கார்ந்து என்னென்ன கோப்பில் கையெழுத்துப் போட்டார் என்று ஊரில் கேட்டால் தெரியாது. சீட்டை விட்டு எழுந்து மலைக்கு வந்து காப்பி நட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

களஆய்வு: பேருந்தில்

சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே பொருள்கள் பறக்கின்றன. துண்டு, கைக்குட்டை, வயர்கூடை, சில சமயம் கைக்குழந்தை என்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும். கைக்குட்டையைத் தூக்கிப் போடலாம். துண்டைத் தூக்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். குழந்தை உட்கார்ந்த சீட் பட்டா நிலம். “ஆள் வருது” என்ற இரு சொல்லே பத்திரம்.

மலையடிவாரம் வரை ஜன்னல் சீட் கௌரவம். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு ஏறியதும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பவர் ஜன்னலைப் பார்க்கும் பார்வையில், ஜன்னல் சீட்காரர் தானே எழுந்து இடம் விடுவார். தமிழ்நாட்டில் கேளாமலே சீட் கிடைக்கும் ஒரே சூழல் இதுதான்.

இலக்கணம்

“இன்னும் ரெண்டு சீட் ஏறட்டும், கிளம்பிடலாம்” என்கிறார் ஷேர் ஆட்டோ ஓட்டுநர். ஏறப்போவது சீட் அன்று, ஆள். அரசு அலுவலகத்தில் “பி2 சீட் இன்னிக்கு லீவு” என்கிறார் உதவியாளர். நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. லீவு போட்டவர் அதற்குரிய மனிதர். பவணந்தியார் நன்னூலில் வகுத்த இடவாகுபெயருக்கு இனி ‘ஊர் சிரித்தது’ என்று பழைய உதாரணம் காட்ட வேண்டியதில்லை.

மயங்கொலிப் போலிகள்

நம் சீட்டு வேறு. அது துண்டுச்சீட்டு, ஏலச்சீட்டு, சீட்டுக்கட்டு என்று காகிதக் குடும்பம். ஷீட் என்பதும் தமிழ் வாயில் விழுந்ததும் சீட் ஆகிவிடுகிறது. ஏற்காட்டுக் குளிரில் நள்ளிரவில் விடுதிப் பையனை எழுப்பி “இன்னொரு சீட் குடுப்பா” என்பவருக்கு வேண்டியது பெட்சீட். ஏமாற்றுவதும் சீட்தான். நால்வரும் சேர்ந்து குடியிருக்கும் வாக்கியம் ஒன்று: “சீட்டு நடத்தினவன் காலேஜ் சீட் வாங்கித் தரேன்னு சீட் பண்ணிட்டான், இப்ப சிமெண்டு சீட் வீட்லதான் இருக்கோம்.” தமிழ் கற்க வரும் வெளிநாட்டாருக்கு இறுதித்தேர்வில் இதைக் கொடுக்கலாம்.

அரசியல்

வடக்கே கட்சிகளிடம் டிக்கெட் கேட்பார்கள். இங்கே சீட் கேட்பார்கள். இந்தச் சீட் கிடைத்தவர் இன்னும் சட்டமன்றத்தில் உட்காரவில்லை. உட்காரலாமா என்று ஊரைக் கேட்கும் உரிமை மட்டுமே கிடைத்திருக்கிறது. அதற்கே வெடி வெடித்துவிடுகிறோம். பேருந்தில் டிக்கெட் வாங்கியும் சீட் இல்லாமல் போகலாம். கட்சியில் சீட் வாங்கியும் டெபாசிட் இல்லாமல் போகலாம்.

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டே. ஏற்காட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தமிழ்நாட்டு வாக்காளர் நோட்டா பொத்தானை முதன்முதலில் கண்டது அவ்வாண்டு டிசம்பர் 4இல் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில்தான். சீட் இருக்கிறது, கேட்பவர்களும் இருக்கிறார்கள், ஒருவருக்கும் கொடுக்க மனமில்லை என்ற நுட்பமான பொருளுக்கு அரசே செய்து கொடுத்த பொத்தான் அது.

கல்வி

1917இல் ஏற்காட்டில் மான்ட்போர்ட் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து, பிள்ளைக்கு ஹாஸ்டல் சீட் தேடி இம்மலை ஏறாத பெற்றோர் குறைவு. பள்ளி சீட் முடிந்தால் மெடிக்கல் சீட், இன்ஜினியரிங் சீட். அவற்றுள் கவர்மென்ட் சீட், மேனேஜ்மென்ட் சீட் என்ற கிளைச்சாதிகள். இதில் சீட் வாங்குபவர் அப்பா, சீட் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்பவர் அம்மா. உட்கார வேண்டிய பிள்ளை முதல் வாரமே வகுப்புக்கு வெளியே முட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

எதிர்வாதமும் மறுப்பும்

சினிமா தியேட்டரில் சீட்டில் உட்காருகிறார்களே என்பர் சிலர். படம் நன்றாக இருந்தால் சீட்டின் நுனிக்கு வந்துவிடுகிறார்கள், மோசமாக இருந்தால் இடைவேளையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சுமாரான படங்களில் மட்டும் முழுதாக உட்காருகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

முடிவுரை

யாரையும் கேட்காமல், யாருக்கும் துண்டு போடாமல், சீட்டில் அமர்ந்திருப்பவர் இம்மலையில் ஒருவரே. அவர் மலையுச்சிக் குகைக்கோயிலில் இருக்கும் சேர்வராயன். அவரிடம் போய் நிற்பவர்கள் வேண்டுவது என்னவென்று காதுகொடுத்தால், பாதிப்பேர் ஏதோ ஒரு சீட்டைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கருதுகோள் நிறுவப்பட்டது.

அடுத்த கட்டமாக ‘பாயிண்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ள உத்தேசம். அதற்கு பகோடா பாயிண்டில் சில நாள் தங்கி, அங்கே பகோடா எதிர்பார்த்து வந்து ஏமாறுகிறவர்களைப் பேட்டி காண வேண்டும். நிதி உதவி செய்ய முன்வருவோர் போகவர பேருந்தில் ஒரு ஜன்னல் சீட்டும் போட்டுத் தர வேண்டுகிறோம்.