லொகேஷன் கங்காணி

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை, யாருக்கு எந்த மலை என்று பேர் கூப்பிட்டுப் பிரிப்பார்கள். மாமா முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பேர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை. ஓய்வு பெற்றதும் பேர்ச்சிட்டை கையை விட்டுப் போய்விட்டது. வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. அந்த நேரம் பார்த்து மூத்த மகள் குவைத்திலிருந்து ஒரு ஸ்மார்ட்போன் அனுப்பிவைத்தாள்.

இப்போது காலை ஐந்தரைக்கே இஸ்தோப்பில் உட்கார்ந்து வரைபடத்தில் பெரட்டு எடுக்கிறார். “பெரியவன், கொட்டாஞ்சேனை. சரி. சின்னவன், வெள்ளவத்தை. அங்க என்ன வேல இவனுக்கு? மக, குவைத். மாப்பிள்ள... ஆளக் காணோமே!” மாப்பிள்ளை பக்கத்துக் காம்பராவில்தான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருக்கும். அது விடுப்பாகக் கணக்கில் ஏறும்.

இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று எங்கே போனாலும் டிவிஷனுக்கு ஒரு லொகேஷன் கங்காணி இருக்கிறார். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போய்விட்டார்கள்; பெண்கள் வளைகுடாவில். லயத்தில் ஆள் குறையக் குறைய வரைபடத்தில் புள்ளி கூடுகிறது. கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றபடியே “இந்தா நானுஓயா தாண்டிட்டேன்” என்று சொல்லித் தப்பித்த தலைமுறை ஒன்று இருந்தது. அந்தப் பொற்காலம் முடிந்தது.

ஆரம்பத்தில் அத்தை இதைக் கடுமையாக எதிர்த்தார். மேலே சாட்டிலைட் இருந்து பார்க்கிறது என்று யாரோ சொல்லப்போக, மாமா போனோடு வெளியே நிற்கும் நேரத்தில் பீலிக்குக் குளிக்கப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய் விளக்கினேன். அந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகின்றன. அவை எதையும் பார்ப்பதில்லை. ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இத்தனை’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். குறைந்தது நாலு கோளின் பேச்சைக் கேட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று போன்தான் கணக்குப் போடுகிறது. நாம் ஒருத்தர் இருப்பதே கோளுக்குத் தெரியாது.

மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: “வெளங்குது. பெரிய தொரை மாதிரி. அவரு பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கிட்டுப் போவாரு. நாமதான் எங்க நிக்கணும்னு கணக்குப் பாத்துக்கணும்.”

இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஆனாலும் ஜிபிஎஸ்ஸுக்கு லயம் ஒத்துவராது. போன் காட்டும் இடம் ஐந்து பத்து மீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். வெள்ளைக்காரன் கட்டிய காம்பராவோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. பத்து மீட்டர் பிசகினால் ஆள் மூன்று காம்பரா தள்ளிப் போய்விடுவான். அப்படித்தான் ஒரு ராத்திரி, லீவுக்கு வந்திருந்த சின்னவன் புள்ளி, கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக்குள் போய் நின்றது. அவன் நம் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்ததற்கு அத்தை சாட்சி. மாமா அரை மனதோடுதான் நம்பினார்.

கூட்டத்தில் எண்ணிப் பார்க்கப்படுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்ட எண் அடித்த ஒரு தகரத்துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். எந்த ஆள் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று வழியில் இருக்கிற அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே! மாமாவின் பாட்டன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் மலையேறினாராம். “அவருக்கு ஒண்ணு. எம் பேரனுக்கு மூணு!” என்று மாமா சொல்வார். அதில் பெருமை எத்தனை பங்கு, வேறு ஏதாவது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அந்த மூன்று: வாட்ஸ்அப் லைவ் லொகேஷன், கூகுள் மேப், பைக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பெட்டி த்ரீவீலுக்கு வாங்கியது; தனியாக ஒரு சிம் போட்டது. தீபாவளி லீவுக்குப் பேரன் கொழும்பிலிருந்து பொடி மெனிக்கேயில் ஏறியபோது மூன்றும் வேலை செய்தன. இஸ்தோப்பில் மூன்று போன் வரிசையாக நின்றது. ஒன்று மாமாவுடையது, ஒன்று அத்தையுடையது, ஒன்று பக்கத்து வீட்டில் வாங்கியது.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் கூடியது எட்டு மணித்தியாலம். காலை ஆறு மணியளவில் கோட்டையை விட்ட ரயில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் ஓடிப் பதுளை வரப் பத்து மணித்தியாலம் ஆகும், அதுவும் ரயிலுக்கு நல்ல மனது இருந்தால். ஆக எட்டு மணித்தியாலம் எங்கே முடியும்? பட்டிப்பொலையைத் தாண்டி, 1,898 மீட்டர் உயரத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்து, ஊவாப் பக்கம் தலையை நீட்டி, ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் நடுவே, மூடுபனியில், சிக்னல் சரியாக இல்லாத இடத்தில். அன்றைக்கும் அங்கேதான் முடிந்தது.

எனக்குக் கோல் வந்தது. நான் பண்டாரவளையில் வேலை பார்ப்பவன்.

“மருமகன், பையன் இதல்கஸ்ஹின்னயில நிக்கிறான். கூகுள்காரன் ஒஹியங்கிறான். அது கெடக்கட்டும். பை நானுஓயாவில நிக்கிது!”

“அதனால என்ன மாமா?”

“என்னவா? எவனோ பையத் தூக்கிக்கிட்டு நானுஓயாவில எறங்கிட்டான்!”

பெட்டி தான் இருக்கும் இடத்தை அறிந்தாலும், அதை அனுப்ப டவர் வேண்டும், கிடைக்காவிட்டால் கடைசியாக அனுப்பிய இடமே திரையில் நிற்கும் என்று சொல்லிப் பார்த்தேன். “நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க” என்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ரயில் வந்தது. மூன்றாம் வகுப்பு ஜன்னலில் பையன் பையைக் கட்டிப்பிடித்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாமாவுக்குச் சொன்னேன்.

“பையத் தொறந்து பாத்தீங்களா?”

அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

சிரிப்புத்தான். ஆனால் 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, எங்கள் பக்கத்துப் போன்களில் எல்லாம் ஒரே கேள்விதான் ஓடியது: எங்க இருக்க? அன்றைக்கு மாமா பதில் வராத ஒரு எண்ணை மத்தியானம் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார். அதனால் அவர் கோல் எடுத்தால் எரிச்சல் வந்தாலும் நான் வைத்துவிடுவதில்லை.

எல்ல தாண்டியதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிடும். தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியேறி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது என்று ஊரில் கதை உண்டு. மாமாவைப் பொறுத்தவரை அது கதையல்ல, வரலாறு. அன்றைக்குக் குவைத்திலிருந்து மகளும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இவன் ஏன் திரும்பி வந்த வழிக்கே போறான்?” என்று பதறினாள். மாமா நிதானமாகச் சொன்னார்: “நம்ம ஆளு தலப்பாவச் சுத்துறான், பேசாம இரு.”

பதுளையில் இறங்கி, பஸ் பிடித்து, இருட்டிய பிறகு பேரன் வீடு வந்தான். முகம் கழுவினான், சாப்பிட்டான், பையைச் சுவரோரம் சாத்திவிட்டுப் படுத்தான். மாமா மட்டும் இஸ்தோப்பை விட்டு எழவில்லை. பை இன்னும் ஹாலிஎலயில் நின்றது. அத்தை இரண்டு தடவை வந்து பையைக் கையில் தூக்கியே காட்டினார். “தெரியிது, போ” என்றார்.

ஒன்பது நாற்பதுக்குப் பை ஹாலிஎலயை விட்டு ஒரே பாய்ச்சலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமா எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.