யாருக்கும் பயன்படாத ரோடு

அயர்லாந்தின் மேற்கே பர்ரன் பாறைக்காட்டுப் பக்கம் சில பழைய ரோடுகளைக் காட்டுவார்கள். ஜம்பமாகக் கிளம்பி, பாதி மலை ஏறி, வந்த காரியம் மறந்துபோன மாமனார் மாதிரி அப்படியே நின்றுவிடும். மேலே ஊர் கிடையாது. பஞ்சத்தில் போட்ட ரோடுகள்.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. கிழங்கே சோறென்று இருந்த குடியானவன் வயிறு காய்ந்தது. பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் 1 லட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளத்தை ரகசியமாக வாங்கிவைத்தார். அதை எப்படி அரைப்பது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதும் ஜனங்களுக்கு ரகசியமாகவே இருந்தது. தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைத்த பெயர், 'பீலின் கந்தகம்'.

1846-ல் ஆட்சி மாறியது. கஜானா அதிகாரி சார்லஸ் டிரெவெல்யனுக்கு ஒரே கவலை: சும்மா சோறு போட்டால் ஜனம் சோம்பேறியாகிவிடுமே! பட்டினி கிடப்பவனுக்குச் சோம்பலைவிடப் பெரிய ஆபத்து உண்டா? ஆகவே, உழைத்துக் கூலி வாங்கு என்றார்கள். அதிலும் ஒரு நிபந்தனை. வேலையால் எந்தத் தனி ஆளுக்கும் லாபம் வந்துவிடக் கூடாது. வயலில் வடிகால் வெட்டினால் நிலக்காரனுக்கு லாபம். மலைமேல் ரோடு போட்டால்? ஒருவருக்கும் இல்லை. அரசாங்கம் போட்ட நிபந்தனை நூற்றுக்கு நூறு நிறைவேறிய திட்டம் இதுவாகத்தான் இருக்கும். பின்னால் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்குள் நியாயம், ரோடு இரண்டுமே மலையேறிவிட்டன.

1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூடப் பனியில் ஜல்லி உடைத்தார்கள். நாளுக்கு 8, 10 பென்ஸ். அதுவும் பல இடங்களில் உடைத்ததை அளந்து பார்த்துத்தான். எலும்பும் தோலுமானவன் எவ்வளவு உடைப்பான்? அளந்த பிறகும் காசு வராது. கொடுக்கச் சில்லறை இல்லை.

அப்புறம் கஞ்சித்தொட்டி வந்தது. லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர் அலெக்சிஸ் சோயர் ஏப்ரலில் டப்ளினுக்கு வந்து கொட்டகை போட்டார். மணி அடித்தால் 100 பேர் உள்ளே. மேஜையோடு சங்கிலி போட்ட கரண்டி. மறுபடி மணி, வெளியே. துவக்க விழாவில் கனவான்களும் சீமாட்டிகளும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜூலைக்குள் நாடு முழுக்க தினம் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி கிடைத்தது. ரோடு போடுவதைவிடச் செலவு குறைவு, பசியும் அடங்கியது. இப்படி ஒழுங்காக நடந்த திட்டத்தை விட்டுவைப்பார்களா? சில மாதத்தில் மூடிவிட்டார்கள்.

பஞ்சம் தீர்வதற்குள் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள்.

டிரெவெல்யனுக்கு 1848-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1859-ல் நம் சென்னைக்கே கவர்னராக வந்து சேர்ந்தார். இங்கே வருமான வரி கூடாதென்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்று, அந்த ஆட்சேபத்தைப் பத்திரிகைக்கும் கொடுத்ததில் மறு வருடமே சீட்டுக் கிழிந்தது. பட்டினியால் போகாத பதவி, வரியால் போயிற்று.